கரிச்சானுக்கு நட்ட குச்சிகள்

எண்பதுகளின் கடைசியில், முடிச்சூரில் அப்பா குத்தகைக்குப் பயிரிட்ட வயலில் கரிச்சான் குருவிகள் வந்து உட்காரக் குச்சி நடச் சொன்னவள் நான்தான். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்போது தாம்பரத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். குச்சியில் உட்காரும் குருவி பயிரில் இருக்கும் புழு பூச்சியைப் பிடித்துத் தின்னும், மருந்தடிக்க வேண்டாம் என்றேன்.

"மருந்தடிக்கிற ஆள நிறுத்திட்டு குருவிய வேலைக்கு வச்சிக்கினியா?" என்று பக்கத்து வயல்காரர் சிரித்தார்.

"எம் பொண்ணு காலேஜ்ல படிச்சிக்கினு கீது. அது சொன்னா செய்வேன்," என்றார் அப்பா.

அந்தப் போகம் நன்றாக விளைந்தது. சிரித்தவரே வந்து, "எங்க வயல்ல எங்கெங்க நடணும்னு காட்டும்மா," என்றார். அன்று வரப்பில் தலைநிமிர்ந்து நடந்தேன்.

அடுத்த நடவுக்குள் நிலத்துக்காரர் வயலை வீட்டுமனை போடுகிறவர்களிடம் விற்றுவிட்டார். அளக்க வந்தவர்கள் எங்கள் குச்சிகளிலேயே கயிறு கட்டி மனை பிரித்தார்கள். நான் குச்சியைப் பிடுங்கப் போனேன்.

"வுடும்மா," என்று அப்பா கையைப் பிடித்துக்கொண்டார்.

நாங்கள் கிளம்பும்போது ஒரு கரிச்சான் வந்து குச்சியில் உட்கார்ந்து வெறும் மண்ணைப் பார்த்தது. அப்பா நின்றுவிட்டார்.

"நீதானே வரவச்ச? இனிமே இங்க பயிரு இல்லன்னு அதுக்கு எப்டிம்மா சொல்றது?"

அது பறந்துபோகும்வரை இருவரும் அங்கேயே நின்றோம்.