பெயிண்ட் காயும் வரை

போன வாரம் ஒரு தப்பு செய்துவிட்டேன். சின்னத் தப்பென்றால் வழக்கம்போல மறைத்திருப்பேன். இது கல்லறையில் செய்த தப்பு. கருப்பு எனாமல் பெயிண்ட்டில், ரெண்டு அங்குல எழுத்தில், ஊரே பார்க்கிற மாதிரி நிற்கிறது. எங்கே மறைக்க?

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் ஏழாம் வகுப்பை மூன்று வருஷம் படித்தவன். வாத்தியார்கள் மாறினார்கள், நான் மாறவில்லை. ஊட்டியில் போர்டு எழுதுவது தொழில். வாராவாரம் இங்கே எழுதுவது... அதைத் தொழில் என்று சொன்னால் பத்திரிகை ஆசிரியரே சிரிப்பார்.

அக்டோபர் கடைசியில் எனக்குக் கல்லறைத் தோட்டத்தில்தான் வேலை. நவம்பர் ரெண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அதற்குள் கத்தோலிக்கக் குடும்பங்கள் கல்லறையைக் கழுவி, வெள்ளையடித்து, பேரைப் புதுசாக எழுதியாக வேண்டும். எங்கள் ஊர்ப் பாசிக்குப் பேர் என்றால் அவ்வளவு ருசி. ஒரே மழைக்காலத்தில் பாதியைத் தின்றுவிடும். போன வருஷம் அந்தோணிசாமியாகப் படுத்திருந்தவர் இந்த வருஷம் வெறும் சாமியாகக் கிடப்பார்.

எல்லாக் கல்லறையிலும் பேர், பிறந்த தேதி, இறந்த தேதி. கடைசியில் எல்லாருக்கும் ஒரே வரி — ‘உயிர்த்தெழும் நாளில் சந்திப்போம்.’

இருபது வருஷமாக எழுதுகிறேன். அந்த வரிக்கு வந்ததும் என் மனசு கிளம்பிப் போய்விடும். கை மட்டும் வேலை பார்க்கும். அன்றைக்கும் அப்படித்தான். கை எழுதிக்கொண்டிருந்தது, மனசு கேட்டுக்கு வெளியே பஜ்ஜிக் கடையில் நின்றது.

எழுதி முடித்து பிரஷ்ஷைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன். ஐயோ... இது லாசர் சார் சம்சாரத்தின் கல்லறை! அந்த ஒரு வரியை எழுதவே கூடாது என்று சார் மூன்று தடவை சொல்லி அனுப்பிய கல்லறை!

லாசர் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தத்துவப் பேராசிரியர். குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் கிளார்க்கின் மகன். சர்ச் சாமியாராகப் படிக்கப் போனவர், ரெண்டே வருஷத்தில் திரும்பி வந்துவிட்டார். நிறையக் கேள்வி கேட்டதால் தானே வந்துவிட்டதாக அவர் சொல்வார். நிறையக் கேள்வி கேட்டதால் அவர்களே அனுப்பிவிட்டதாக அவர் சம்சாரம் பிலோமினா டீச்சர் சொல்வார்.

அப்புறம் கீழே சமவெளியில் ஒரு காலேஜில் முப்பத்தைந்து வருஷம். மனசு என்றால் என்ன? உடம்பு போன பிறகு அது மிஞ்சுமா? இதுதான் பாடம். மிஞ்சாது. இதுதான் அவருடைய பதில்.

“மிஞ்சாதுன்னு சொல்றதுக்கு முப்பத்தஞ்சு வருசமாங்க சார்?” என்று கேட்டேன்.

“வருசா வருசம் புதுசா பசங்க வர்றாங்களே” என்றார்.

கடைசியில் அவர்களும் வரவில்லை. அவர் ரிட்டயர் ஆன வருஷம் வகுப்பில் மூன்றே பேர். ரெண்டு பேருக்கு வேறு கோர்ஸ் கிடைக்கவில்லை. மூன்றாவது பையன் அந்த ரெண்டில் ஒரு பெண்ணுக்காக வந்தவன்.

பைபிளில் செத்து நாலாம் நாள் எழுந்து வந்த லாசரின் பேரை வைத்துக்கொண்டு, செத்தால் அவ்வளவுதான் என்று பாடம் நடத்திய ஒரே மனுஷர் எங்கள் லாசர் சார்தான். இதே விஷயத்தை வைத்து தடியாக ஒரு புத்தகமும் எழுதியிருக்கிறார். எனக்கு ஒன்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மதிப்போடு வைத்திருக்கிறேன் — டிவி ஆடாமல் நிற்கிறது.

ஆனால் எனக்குப் புரிகிற மாதிரி ஒரு தடவை சொன்னார். டீச்சர் இருந்தபோது, அவர்கள் வீட்டு வாசலுக்குப் பேர்ப்பலகை மாட்டப் போயிருந்தேன்.

“டீ ஃபாக்டரி ஓடறப்ப சத்தம் கேக்குதல்ல? மிசினை நிறுத்தினா சத்தம் எங்க போச்சுன்னு யாராச்சும் தேடறாங்களா? மனசும் அப்படித்தான். உடம்பு ஓடற சத்தம்.”

டீ கொண்டு வந்த டீச்சர் டம்ளரை என்னிடம் நீட்டிக்கொண்டே சொன்னார்: “மிசின் நின்னப்புறமும் மலையெல்லாம் வாசம் அடிக்குதே, அது என்னங்க?”

சார் என் டம்ளரைக் காட்டினார். “டீ ஆறுது, குடிங்க” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். முப்பத்தைந்து வருஷ சர்வீஸ்!

ரெண்டு வருஷத்துக்கு முன் டீச்சர் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். எல்லாருக்கும் எழுதுகிற அந்த வரியைத் தனக்கும் எழுத வேண்டும். சார் சரி என்று சொல்லவில்லை. நம்பாததை நம்புகிற மாதிரிச் சொல்ல அவருக்கு வராது. ‘பாக்கலாம்’ என்றாராம். அப்புறம் பேரும் தேதியும் மட்டும்தான் எழுத வைத்தார்.

டீச்சரின் தங்கச்சி எமிலியம்மா அன்றிலிருந்து சாரோடு பேசுவதில்லை. “செத்தவ கேட்ட ஒரு வரி. அதுல என்னங்க குறைஞ்சு போகும் இவருக்கு?” என்று என்னிடம்தான் வந்து அழுதார்.

இப்போது அந்த வரி எழுதியாகிவிட்டது. பெயிண்ட் ஈரம். பெயிண்ட்டை அழிக்கிற டர்பன்டைன் டப்பாவைத் தேடிக் குனிகிறேன்... பின்னால் இருமல். சார்! கக்கத்தில் குடையோடு.

படித்தார். மறுபடி படித்தார். மூன்றே வார்த்தைக்கு எத்தனை நேரம்!

“தப்பாயிப்போச்சுங்க சார். பழக்கதோசம். கை தானா எழுதீருச்சு.”

“கை எழுதுச்சு. சரி. உங்க மனசு எங்க இருந்துச்சு?”

“பஜ்ஜிக் கடையிலங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இது அப்பத் தெரிஞ்சிருந்தா உங்களைத்தான் வகுப்புக்குக் கூட்டீட்டுப் போயிருப்பேன்” என்றார். அப்புறம் கையை நீட்டினார். “துணியைக் குடுங்க.”

டர்பன்டைனில் நனைத்துக் கொடுத்தேன். வாங்கினார். எழுத்துக்குப் பக்கத்தில் கொண்டு போனார். நின்றுவிட்டார்.

“நான் தொடைச்சிடறனுங்க சார், நீங்க எதுக்கு...”

“இருங்க.” எழுத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார். “அவ கேட்டப்ப நான் எழுதலை. எழுதாம இருந்தது என்னோட நேர்மை. அதை இன்னிக்கும் சொல்லுவேன். ஆனா எழுதினதை அழிக்கறது அது இல்லீங்களே? அழிச்சா... அது அவகிட்ட நான் பண்ற காரியம்.”

டீச்சர்கிட்டயா? அவர்தான் இல்லையே? கேட்கத் தெரியாமல் இல்லை. ஏழாம் வகுப்பானாலும் சில இடத்தில் வாயை மூடத் தெரியும்.

அப்போது தூறல் விழுந்தது.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். எங்கள் ஊர் மழை நேரம் பார்த்து வராது. அன்றைக்கு வந்தது. ஈர எனாமல் மேல் மழை பட்டால் வழிந்து கரிப்பூச்சாகிவிடும். சார் ஒன்றுமே செய்ய வேண்டாம். துணி வேண்டாம், பாவம் வேண்டாம். சும்மா நின்றிருந்தால் போதும். மழையே அழித்திருக்கும். எமிலியம்மா மழையையா திட்ட முடியும்?

சார் துணியை என் கையில் திணித்தார். டப்பென்று குடையை விரித்தார். எழுத்துக்கு மேலே பிடித்தார்.

“சார், நீங்க நனையறீங்க!”

“பெயிண்ட்டுக்குப் பிடிக்கறேன். நீங்க வேலை செஞ்சிருக்கீங்க, வீணாகக் கூடாது.”

எழுபத்துநாலு வயசு. ஸ்வெட்டர் முழுக்க நனைந்து, மூக்கு நுனியில் சொட்டுகிறது. நான் பிளாஸ்டிக் ஷீட்டை எடுத்து வந்து, “இதைப் போட்டுக் கட்டிடலாமுங்க, நீங்க ஊட்டுக்குப் போங்க” என்றேன். தலையை மட்டும் ஆட்டினார், வேண்டாமென்று. ஈர எழுத்து கடைசி வரியில்தான் இருக்கிறது. ஆனால் குடை மெதுவாக நகர்ந்து நகர்ந்து மேலே டீச்சர் பேருக்கு வந்திருந்தது. அதை ஏன் நனையாமல் பார்க்க வேண்டும்? காலையிலேயே காய்ந்துவிட்ட எழுத்து அது.

கல்லறைத் திருநாளன்று சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். எமிலியம்மா மெழுகுவத்தியோடு வந்து, அந்த வரியைப் பார்த்து, அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். மெழுகுவத்தியை ஏற்றி வைத்துவிட்டு, ரெண்டு வருஷத்தில் முதல் தடவையாகச் சாரிடம் வாய் திறந்தார்.

“அத்தான்... நம்ப ஆரம்பிச்சிட்டீங்களா?”

“இல்லை.” ஜலதோஷத்தில் சாரின் குரல் கட்டியிருந்தது. “பெயிண்டர் தப்புப் பண்ணீட்டார்.”

எமிலியம்மா என் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். தப்புப் பண்ணியதற்குக் கும்பிடு வாங்கிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். என்ன செய்வதென்று தெரியாமல் நானும் கும்பிட்டேன்.

கூட்டம் கலைந்து கிளம்பும்போது சார் என் தோளைத் தொட்டார்.

“பாசி இதையும் தின்னுரும். அடுத்த வருசமும் நீங்களே வந்து எழுதிக் குடுங்க.”

“என்னங்க சார் எழுதறது?”

“பேரு, தேதி. அவ்வளவுதான். வேற ஒண்ணும் எழுதக் கூடாது.” நாலு அடி போனவர், திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: “ஆனா மனசை பஜ்ஜிக் கடையிலயே விட்டுட்டு வாங்க.”

கவனமில்லாமல் வேலை செய்கிறேன் என்று ஊரெல்லாம் திட்டுகிறது. அதற்கே ஒரு வருஷம் முன்னாடி புக்கிங் வாங்கிவிட்டேனே!