வயிறு நிறைந்த காகங்கள்

செல்லத்தங்கத்தைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் பாவம், வாயில்லாப் பூச்சி என்றுதான் சொல்வார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? கல்முனை பிரதான வீதியில் இருக்கும் என் சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தில் எத்தனையோ வருடமாக மீன் வெட்டுகிறவள் அவள். ஒரு மனிதனை வெறுப்பதென்றால் எப்படி வெறுக்க வேண்டும் என்பதை நான் அவளிடம்தான் பார்த்தேன். அவசரமே இல்லாத வெறுப்பு. பானையில் சோறு வேகிற மாதிரி மூடி போட்டு வேகவைத்த வெறுப்பு.

சுனாமிக் கடல் ஊருக்குள் வந்து போனதற்கு அடுத்த மாரிகாலத்தில் ஒருநாள் கத்தியைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"மர்சூக் நானா, மீன்தலை, குடல் ஒண்டையும் இனிக் கொட்டாதீங்க. அடிப்பிடிச்ச சோத்தயும் சேத்து எனக்குத் தாங்க."

"எதுக்கு புள்ள? பூனை வளக்கிறியா?"

"காகத்துக்கு."

அவளுடைய ஆட்கள் செத்தவர்களை நினைத்துக் காகத்துக்குச் சோறு வைப்பார்கள் என்று தெரியும். எங்கள் பக்கம் கத்தம் ஓதி நாலு ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுப்போம், அவர்களுக்குக் காகம். போன மார்கழியில் மகளைப் பறிகொடுத்த தாய் அல்லவா, அந்தப் பிள்ளையை நினைத்துத்தான் கேட்கிறாள் என்று எண்ணி ஒரு பெரிய வாளியையே எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கு நான் பட்ட இரக்கத்தை நினைத்தால் இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது.

அவள் வீடு பாண்டிருப்பில், கடலுக்குக் கிட்ட. புருஷன் எப்போதோ வள்ளத்தோடு போனவன், திரும்பவில்லை. ஒரே மகள் தர்சினி, பத்தாம் வகுப்புப் படித்தாள். அலை வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை செல்லத்தங்கம் என் கடையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை வீட்டில். தண்ணீர் வற்றிய பிறகு ஓடிப்போய்ப் பார்த்தால் வீடு இல்லை, கிணறு மண் மூடிக் கிடக்கிறது, பின்வளவில் நின்ற பூவரச மரம் மட்டும் நிற்கிறது. அதன் வேருக்குள்தான் பிள்ளை சிக்கிக் கிடந்தாள். மற்றவர்கள் உடம்பு தேடி அலைந்த நாளில் தன் மகளைத் தானே தூக்கி எடுத்தவள் அவள்.

பிறகு எல்லோரும் முகாமில் கிடந்தோம். எங்களுக்கும் அடக்க வேண்டிய மய்யித்துகள் இருந்தன, யாரையும் யாரும் பார்க்கிற நிலையில் இல்லை. அந்த நேரத்தில் முதல் ஆளாக ஊருக்குத் திரும்பியவன் தங்கராசா. அவளுடைய அடுத்த வளவுக்காரன், கருவாட்டு வியாபாரி. அலை எல்லா வேலிகளையும் வழித்துக்கொண்டு போயிருந்தது. எது யாருடைய நிலம் என்று சொல்ல ஒரு கட்டைகூட மிஞ்சவில்லை. மனிதன் என்றால் காத்திருப்பான். தங்கராசா நிவாரணத்துக்கு வந்த கம்பியையும் கட்டையையும் வைத்துத் தனக்கு வேண்டிய இடத்தில் வேலியைப் போட்டான். அவளுடைய பின்வளவில் பாதி, பூவரசோடு சேர்த்து, அவன் பக்கம் போய்விட்டது. காணி உறுதிப் பத்திரத்தைக் காட்டு என்றான். உறுதியையும் கடல்தான் கொண்டுபோனது.

வேலியை மட்டும் தள்ளியிருந்தால் அவள் பொறுத்திருப்பாளோ என்னவோ. அவன் மரத்தைத் தறித்தான். மீன் காயப்போடும் கருவாட்டுப் பரணுக்கு நிழல் விழுகிறதாம். பிள்ளை கிடந்த இடத்தில் விளக்கு வைக்கப் போனவள், மரம் நின்ற இடத்தில் கீரி மீன் காய்வதைப் பார்த்துவிட்டு வந்தாள். அந்த மாரியில்தான் என்னிடம் மீன்தலை கேட்டாள்.

மாரியில் எங்கள் கரையில் பறவைகள் படும் பாட்டைச் சொல்லி முடியாது. வாடைக்காற்றும் மழையும் விடாது. வள்ளம் தள்ள மாட்டார்கள், கரையில் பொறுக்க ஒன்றும் இருக்காது. காகங்கள் நனைந்துபோய்க் கரண்டுக் கம்பியில் ஒண்டிக்கொண்டு இருக்கும். செல்லத்தங்கம் தினமும் விடிகிற வெள்ளாப்பில் பின்வளவுக்குப் போய் வாளியின் மூடியில் கரண்டியால் தட்டுவாள். முதலில் ஒன்றிரண்டு வந்தன. பிறகு ஊர்க் காகம் முழுக்க அவள் வளவில்தான். மைனா, புலுனி எல்லாம் ஓரத்தில் நின்று சோற்றைப் பொறுக்கும். ஈரத்தில் செத்துக்கொண்டிருந்த ஒரு காகக் குஞ்சை அடுப்படியில் வைத்துப் பிழைக்க வைத்தாள் என்று கேள்விப்பட்டேன். இவ்வளவு நல்ல மனம் யாருக்கு வரும் என்று என் மனைவி முனவ்வறாவிடம்கூடச் சொன்னேன்.

தை கடந்து வெயில் ஏறியது. தங்கராசா பரணில் மீனைப் பரப்பினான். அன்று பின்னேரம் வேலை முடிந்து போகிறவள் வாளியை எடுக்கவில்லை.

"புள்ள, வாளிய மறந்திட்டுப் போறாய்."

"இனி வேணாம் நானா. அதுகள் தாங்களே தேடித் தின்னட்டும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மாரி முழுக்கத் தீனி போட்டு வளவுக்குப் பழக்கிய அத்தனை காகங்களும் மறுநாள் விடியப் பசியோடு வந்து அவள் வளவில் இறங்கின. மூடி தட்டும் சத்தம் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பரண் நிறைய மீன். மிச்சத்தை நான் சொல்ல வேண்டுமா? தங்கராசா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தடியோடு ஓடினானாம். ஒரு பக்கம் விரட்ட மறு பக்கம் இறங்கினவாம். தின்றது பாதி, எச்சம் போட்டு நாசமாக்கியது மீதி. செல்லத்தங்கம் வாசலில் குந்தியிருந்து தலை வாரிக்கொண்டிருந்தாள்.

என்ன குற்றம் சொல்ல முடியும் அவள்மேல்? காகத்துக்குச் சோறு வைப்பது புண்ணியம். வைக்காமல் விட்டதற்கு எந்தச் சட்டத்தில் வழக்குப் போடுவது? நான் கல்லாவில் இருந்து தனியாகச் சிரித்தேன். ஒவ்வொரு மாரியிலும் அவள் வாளியை நானே நிரப்பி வைத்தேன். ஒவ்வொரு வெயிலிலும் தங்கராசா தடியோடு ஓடினான்.

கடைசியில் அவன் ஒரு வேலை செய்தான். பரணுக்கு மேலே போட்ட வலையில் சிக்கிய ஒரு காகத்தை அடித்துக் கொன்று, காலில் கயிறு கட்டித் தொங்கவிட்டான். ஊர்க் காகங்கள் எல்லாம் கூடி ஒரு நாள் முழுக்கக் கத்தின. அதற்குப் பிறகு ஒன்றுகூட அவன் வளவில் கால் வைக்கவில்லை. செல்லத்தங்கம் தோற்றுப்போனாள் என்றுதான் நான் நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்திருப்பாள், வேலைக்கு வந்தவள் ஒரு வாரம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

அந்த வருடம்தான் வடக்கில் சண்டை முடிந்தது. தங்கராசாவுக்குத் தனுசன் என்று ஒரே மகன். சமாதான காலத்தில் கிளிநொச்சிக்குக் கராஜ் வேலைக்குப் போனவன், திரும்பவும் சண்டை மூண்டு பாதை பூட்டியதும் அங்கேயே அகப்பட்டான். சண்டை முடிந்த பிறகு ஒரு தகவலும் இல்லை. ஐப்பசியில் தடுப்பு முகாமிலிருந்து விடுபட்டு வந்த ஒருவன் சொன்னான், தனுசன் இருந்த பங்கருக்கு மேல் செல் குண்டு விழுந்ததைக் கண்டேன் என்று. உடம்பைக் கண்டாயா என்றால், இல்லை. தங்கராசா அதைக் கேட்டு மூன்று நாள் படுக்கையில் கிடந்தான். பிறகு எழும்பி, பிள்ளைக்குச் செய்ய வேண்டியதைச் செய்து முடிப்போம் என்றான். அவன் மனைவி கலாராணி மகனுடைய படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நாள் தெரியாத சாவுக்கு அமாவாசையில் செய்யலாமாம். ஐப்பசி அமாவாசையில் தன் வளவில் படைத்து, இலையில் சோறும் கறியும் எடுத்துக்கொண்டு போய்க் காகத்தைக் கூப்பிட்டான். காகம் தொட்டால் போனவர் ஏற்றுக்கொண்டார் என்பது அவர்கள் நம்பிக்கை. எந்தக் காகம் வரும்? ஒரு காகத்தைக் கொன்று தொங்கவிட்ட வளவுக்கு? உச்சி வெயில் வரை கூப்பிட்டுக் களைத்து, கடைசியில் இலையை நாய் இழுத்துக்கொண்டு போனது.

பிறகுதான் அவன் அனுப்பிக் கலாராணி வேலியோரம் வந்தாள்.

"தங்கம் அக்கா, உங்கட வளவிலதானே காகம் வருது. மார்கழி அமாவாசைக்கு இஞ்ச ஒரு இலை வைக்க விடுங்ககா."

செல்லத்தங்கம் யோசிக்கவேயில்லை.

"வைக்கலாம். முதல்ல உன்ட மனிசனிட்டச் சொல்லி வேலியப் பழைய இடத்தில வைக்கச் சொல்லு."

மழைக்குள் தங்கராசா தன் கையாலேயே கட்டைகளைப் பிடுங்கினான், பரணையும் பிரித்தான். புது வேலி அடைக்க மழை விடட்டும் என்று வளவுகள் இரண்டும் திறந்தே கிடந்தன. செல்லத்தங்கம் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாளாம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, மறைக்க என்ன இருக்கிறது! அடுத்தவர் சாவைப் பயன்படுத்தி நிலம் பிடித்தவனுக்கு அதே வழியால் வந்தது என்று கடையில் எல்லோருக்கும் சொன்னேன்.

அமாவாசைக்கு முதல்நாள் பின்னேரம் அவள் என்னிடம் வந்து நின்றாள்.

"நானா, இண்டைக்கு ரெண்டு வாளி வேணும்."

"வளவுதான் திரும்பி வந்திட்டுதே. இன்னும் என்ன?"

"மரம் வரல்லயே, நானா."

நான் நிரப்பிக் கொடுத்தேன். சூரை மீன் தலைகள், குடல், நேற்றைய சோறு, எல்லாம். அவள் என்ன செய்யப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் கொடுத்தேன்.

மறுநாள் நானும் போனேன், தெரிந்தவன் என்ற முறையில் ஒரு கேத்தல் தேத்தண்ணியோடு. மழை தூறிக்கொண்டிருந்தது. தங்கராசா குளித்து ஈர வேட்டியோடு, பூவரசு நின்ற இடத்தில் இலையை வைத்துவிட்டுக் கா கா என்று கூப்பிட்டான். கம்பி முழுக்கக் காகங்கள். இறகைக் கோதிக்கொண்டு, விடிய அவள் போட்டதைத் தின்று வயிறு புடைக்க இருந்தன. ஒன்று இறங்கி வந்து இலையைப் பார்த்தது. வடையைப் பார்த்தது. பிறகு பறந்து போய்விட்டது. "வா மகன், வந்து சாப்பிடு மகன்" என்று அழத் தொடங்கினான். நான் செல்லத்தங்கத்தைப் பார்த்தேன். அவள் கண்ணைக்கூட இமைக்கவில்லை.

அப்போது கலாராணி எழும்பினாள்.

"தொடல்ல! பாத்தீங்களா, காகம் தொடல்ல! என்ட புள்ள சாகல்ல. உயிரோட இருக்கான்!"

சிரித்தாள். அழுதாள். ஓடிப்போய்ச் செல்லத்தங்கத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். செல்லத்தங்கம் கட்டை மாதிரி நின்றாள். இப்படி ஒன்று நடக்கும் என்று அவளும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

அந்த வருடம் முழுக்கக் கலாராணி மகனுடைய படத்தோடு வவுனியா, வெலிக்கந்தை என்று முகாம் முகாமாக அலைந்தாள். தங்கராசா உருகிப்போனான். முடித்துவிட்டு அழுது ஆறலாம் என்றிருந்தவனுக்கு அதுவும் இல்லை, மகன் வருவான் என்று நம்பவும் முடியவில்லை. உண்மையை அவனிடம் சொல்லிவிடு என்று ஒருநாள் செல்லத்தங்கத்திடம் சொன்னேன்.

"என்ட புள்ள செத்தத நான் என்ட கையால தூக்கி அறிஞ்சன், நானா" என்றாள், மீனிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவர் அறியாமலே கிடக்கட்டும்."

அடுத்த மார்கழி வந்தது. அமாவாசைக்கு முதல்நாள் பின்னேரம் நான் இரண்டு வாளிகளையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். கடைக்குப் பின்பக்கத்தால் கலாராணி வந்தாள். அவள் கையிலும் ஒரு வாளி இருந்தது.

"நானா, எனக்கும் கொஞ்சம் மீன்தலை தாங்க."

செல்லத்தங்கத்தின் கத்தி நின்றது. கலாராணி அவளைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"போன வருசம் வெள்ளாப்பில நான் ஒழும்பித்தான் நிண்டனான். வேலி இல்லயே. நீங்க வயிறு முட்டப் போட்டத எல்லாம் பாத்தன்."

"பாத்திட்டா பிறகு கட்டிப்பிடிச்சாய்?" செல்லத்தங்கத்தின் குரல் எனக்கே மெதுவாகத்தான் கேட்டது.

"அவர் முடிச்சிருவம், முடிச்சிருவம் எண்டு நிக்கிறார். முடிச்சா என்ட புள்ள செத்திருவான். எனக்கு ஏலாது அக்கா. காகம் தொடக்கூடாது. நாளைக்கு ஒண்டுகூடத் தொடக்கூடாது."

செல்லத்தங்கம் எழும்பினாள். கலாராணியின் கையிலிருந்து வாளியை வாங்கி, நல்ல பெரிய தலைகளாகப் பார்த்துத் தானே நிரப்பினாள். விளிம்பைச் சீலையால் துடைத்துக் கொடுத்தாள்.

"வெள்ளாப்பில மூடியில தட்டுறன். வா" என்றாள்.

மறுநாளும் தூறல்தான். நானும் போயிருந்தேன். தங்கராசா இலையோடு நின்று கூப்பிட்டான். கம்பியில் காகங்கள் அசையவில்லை. இரண்டு பெண்களும் வாசலில் பக்கத்தில் பக்கத்தில் குந்தியிருந்தார்கள். இருவர் கையிலும் மீன் நாற்றம். நேரம் போகப் போகத் தங்கராசாவின் தொண்டை கட்டியது. திரும்பிப் பார்த்து, சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டான்.

"ஏன் வருதில்ல?"

கலாராணி தலையைக் குனிந்தாள். செல்லத்தங்கம்தான் பதில் சொன்னாள்.

"இன்னும் கூப்பிடுங்க அண்ணன்."

அவன் கூப்பிட்டான்.