பஜ்ஜி வைத்துப் பார்த்த கால்வலி

ஒன்பதாம் வகுப்பில், படிக்காமல் விட்ட ஒரு கணக்குப் பரீட்சைக்குப் பயந்து, கால் வலிக்கிறது என்று பொய் சொன்னேன். அதற்கு முன் சில தடவை நிஜமாகவே வலி வந்திருந்ததால் அம்மா நம்பிவிட்டாள். எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டாள். பதினோரு மணிக்கு பஜ்ஜி வாசனை வந்ததும் நான் எழுந்து அடுப்படிக்கு ஓடினேன். புத்தி கெட்டவள், வேறென்ன சொல்ல!

அன்று வாங்கிய அடியை விடுங்கள். அதற்குப் பிறகு நான் கால்வலி என்று படுத்தாலே அம்மா வாழைக்காய் சீவ ஆரம்பித்துவிடுவாள். பஜ்ஜிக்கு எழுந்து வந்தால் நடிப்பு, வராவிட்டால் டிஸ்பென்சரி. எனக்கோ வலியிலும் பசிக்கும். முனகிக்கொண்டே போய் நாலு பஜ்ஜி தின்பேன். "அதானே பார்த்தேன்" என்று அம்மா புத்தகப் பையை என் தோளில் மாட்டிப் பள்ளிக்கு அனுப்பிவிடுவாள்.

எண்பதுகளின் நடுவில் ஆவடியில் அப்பாவின் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தோம். டிஸ்பென்சரி டாக்டர், ஃபேக்டரியில் கொடுத்த எங்கள் மருத்துவப் புத்தகத்தில் ஒவ்வொரு முறையும் 'வளரும் வயது வலி' என்றே எழுதினார், கூடவே ஒரு டானிக். வளர்ந்தால்தானே ஐயா! என் வகுப்பில் எல்லாருக்கும் மஞ்சள் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது, நான் மட்டும் குச்சி மாதிரி நின்றேன். எதிர்வீட்டு அக்கா துணி காயப்போட்டபடியே கத்துவாள்: "இன்னாடி, பரிச்ச வந்தா காலு நோவுது, பஜ்ஜி வந்தா ஓடிப்பூடுதா? வயசுக்கு வர வழியக் காணோம், ஆக்டிங் மட்டும் வுட்டுகினு கீறே!"

எனக்கே குழம்பிப்போயிற்று. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலை அழுத்திப் பார்ப்பேன். வலிக்கும். அழுத்தியதால் வலிக்கிறதா, முன்பே வலித்ததா? ஒரு மாதம் காலில், அடுத்த மாதம் முதுகில், அப்புறம் விரல்களில். ஒரு இடத்தில் நிற்காத வலி பொய்யாகத்தானே இருக்கவேண்டும்? அன்று சொன்ன பொய் உடம்புக்குள் ஊறிவிட்டது, அதற்குத் தண்டனையாகத்தான் வயசுக்கும் வரவில்லை என்று முடிவு கட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதையும் நடிப்பு என்பார்களே!

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் இரண்டாம் நாள் காலையில் இரண்டு தொடைகளையும் வலி பிடித்துக்கொண்டது. இந்த முறை நான் வாயே திறக்கவில்லை. 'நடிக்காதே, எழுந்திரு' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன். மூன்றாவது கேள்வியில் பேனா கீழே விழுந்தது, எடுக்கக் குனிந்தவள் எழுந்திருக்கவில்லை.

மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். என் ரத்தத்தைப் பரிசோதித்த டாக்டர், அப்பாவிடம் சொந்த ஊர் எது என்று கேட்டார்.

"நீலகிரிங்க. ரெண்டு பேருமே கூடலூர்ப் பக்கம். வேலை மாத்தலாகி இங்க வந்தோம்."

டாக்டர் தலையாட்டினார். அந்த மலைப் பக்கத்து ஆட்களிடம் இந்த நோய் அதிகமாம். ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து ரத்தக் குழாய்களை அடைக்கின்றன, அடைக்கிற இடத்தில் வலிக்கும் என்றார். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பிறவியிலேயே வந்ததாம். வயசுக்கு வருவது தள்ளிப்போவதும் இதனால்தானாம்.

"அப்ப என் வலி நிஜமா டாக்டர்?"

"நிஜம்தாம்மா. பெரியவங்களே கதறிடுவாங்க."

நான் சிரித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதுவரை வந்ததில்லை. பரீட்சை போனதுகூட நினைவில் இல்லை. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "பஜ்ஜி சுட்டு சோதிச்சேனே, நான் பாவி!" நான் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் கழித்து வீடு திரும்பும்போது பஸ்ஸில் அம்மாவிடம் கேட்டேன். "இனிமே வராதுல்லம்மா?"

"வரும்னுதான் சொன்னாரு." அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஆயுசுக்கும் வரும்னாரு."

டாக்டர் இதைச் சொன்னபோது நானும் அங்கேதான் இருந்தேன். காதில் விழவில்லை. இத்தனை நாள் இது என் நடிப்பு, ஒருநாள் திருந்திவிட்டால் நின்றுபோகும் என்றல்லவா நம்பிக்கொண்டிருந்தேன்!

"நடிப்பாவே இருந்திருக்கக் கூடாதாம்மா?" என்றேன்.