நேதானியின் உயரம்

உனைசி தன் ஊரில் முதன்முதலாக நர்ஸ் படிப்பு முடித்தவள். அப்பா மரவள்ளி பயிரிட்டுப் படிக்க வைத்தார். யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் அவளுக்குத்தான் போன் வரும். அவள் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

அதே ஊர் நேதானிக்கு நுரையீரல் முழுக்க நீர் கோத்து, தலைநகர் சுவாவில் அவள் வேலை பார்க்கும் தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டர் வைத்தார்கள். ஆள் எவ்வளவு பருமனாக இருந்தாலும் நுரையீரல் உயரத்துக்கு ஏற்றபடிதான் இருக்கும். அதனால் ஒரு மூச்சுக்கு எவ்வளவு காற்று என்பதை உயரத்தை வைத்தே முடிவு செய்வார்கள். படுத்திருப்பவரை நாடாவால் அளப்பதுதான் முறை. அன்று கட்டில்கள் எல்லாம் நிரம்பியிருந்தன. நாடா எந்த அறையில் கிடந்ததோ.

"ஆறடி மூணு அங்குலம். அவர் ஆடின ரக்பி மேட்ச் புத்தகத்துலயே போட்டிருக்கு," என்றாள் நேதானியின் மனைவி கெலேரா.

கெலேரா உனைசிக்கு மாமன் மகள் முறை. கேலி பேச உரிமையுள்ள உறவு.

"பூட்ஸோட சேர்த்தா அண்ணி? அந்தப் புத்தகத்துல நம்ம ஊர் ஆளுங்க எல்லாருமே தென்னைமரம்தான்."

"பொறாமைடி உனக்கு! எழுது."

சிரித்துக்கொண்டே எழுதினாள். 190 சென்டிமீட்டர்.

மூன்றாம் நாள் காலை நுரையீரலுக்குள் காற்றின் அழுத்தம் முப்பத்து நாலைத் தொட்டது. முப்பதைத் தாண்டவே கூடாது.

"உயரத்தை யார் அளந்தது?" என்றார் டாக்டர் சலேந்திரா.

உனைசி பக்கத்து வார்டுக்கு ஓடி நாடா வாங்கி வந்தாள். உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை 178. மறுபடியும் அளந்தாள். 178தான்.

காற்றைக் குறைத்தார்கள், அழுத்தம் இறங்கியது. ஆனால் அன்று மதியமே வலது நுரையீரல் கிழிந்து காற்று வெளியே கசிந்தது. ஐந்தாம் நாள் நேதானி போய்விட்டார்.

"அதனாலதான்னு சொல்ல முடியாது, உனைசி. நோயே அப்படி," என்றார் டாக்டர். "அதனால இல்லைன்னும் சொல்ல மாட்டேன். அறிக்கையில எழுதிடு. வீட்டுக்காரங்களுக்கும் தெரியணும். நான் சொல்லவா?"

"நான் சொல்றேன் டாக்டர்."

'அளக்காமல் எழுதினேன்' என்று அறிக்கையில் கையெழுத்துப் போட்டாள். ஊருக்குப் போகும் பஸ்ஸில், துக்கத்துக்குக் கொடுக்கும் பாயை மடியில் வைத்துக்கொண்டு, அதே வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்தபடி போனாள்.

கெலேரா அவளைச் சவப்பெட்டியின் கால்மாட்டுக்கு இழுத்துப் போனாள்.

"ஆறடி மூணுன்னு சொல்லித்தான் பெட்டி செய்யச் சொன்னேன். அரைச் சாணுக்கு மேல காலியா நின்னுச்சு. மரவுரித் துணியை மடிச்சு வெச்சோம்." குரலைத் தாழ்த்தினாள். "சீக்குல ஆளு சுருங்கிடுவாங்களா, உனைசி?"

இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். அன்று நான் சொன்னதைத்தானே நீ எழுதினாய் என்பாள். அதன் பிறகு இவள் எப்படித் தூங்குவாள்?

"ஆமா அண்ணி. சுருங்குவாங்க."

"அதானே பார்த்தேன்! புத்தகத்துல பொய்யா போடுவாங்க?" கெலேரா கண்ணைத் துடைத்துக்கொண்டு, வந்திருந்தவர்களிடம் திரும்பினாள். "கேட்டீங்களா? உனைசியே சொல்லிட்டா."

எல்லோரும் தலையாட்டினார்கள். சொல்லிட்டியா என்று திங்கட்கிழமை டாக்டர் கேட்பார். உனைசி அங்கேயே உட்கார்ந்து, அந்த மரவுரி மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.