பூட்டை உடைத்து எடுத்தது

"...பூட்டை ஒடச்சு எடுத்தது எப்படீங்கண்ணா சாட்சியாகும்? அது களவுதானுங்களே?" என்றார் பக்கத்துத் தோப்புக்காரரின் மனைவி. சித்தூர் கோர்ட்டுக்கு எதிரே வக்கீல் ஆபீஸ் படியேறும் வரைக்கும் இதே பேச்சுதான். எனக்கு மலையாளம் வாசிக்க வரும் என்று துணைக்குக் கூட்டி வந்திருந்தார்.

கள்ளில் கலக்கும் ஸ்பிரிட்டைக் கேன் கேனாக மோட்டார் ரூமில் பதுக்கியதாக அவர் வீட்டுக்காரர் மேல் கேஸ். 'போலீஸே கொண்டுவந்து வெச்சது' என்று அவர் ஜெயிலில் இருந்தபடி சத்தியம் செய்துகொண்டிருந்தார். ஜாமீன் விசாரணை மறுநாள்.

எங்கள் பெருமாட்டிப் பக்கம் தேங்காய்க் களவுக்குப் பயந்து மோட்டார் ரூம் வாசலில் கேமரா வைப்பது வழக்கம். சோதனைக்கு வந்தவர்கள் வாரண்டும் இல்லாமல், சாட்சிக்கு ஊர்க்காரர் ஒருவரையும் கூப்பிடாமல் கடப்பாரையால் பூட்டைப் பெயர்த்தது முழுக்க அதில் பதிந்திருந்தது. படத்தைக் கைபேசியில் கண்டதிலிருந்து அந்த அம்மா முகத்தில் ஒரு தெளிவு. "மடியில கனமிருந்தாத்தானுங்கண்ணா வழியில பயம்" என்பார். எங்கள் பக்கம் மடியைத் தொட்டுப் பார்க்காமலே சொல்கிற வாக்கு அது.

வக்கீல் படத்தை ஓடவிட்டுப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"பூட்டை ஒடச்சது தப்புதாம்மா. அதுக்குத் தனியாப் பராதி குடுக்கலாம். ஆனா வழி தப்புங்கறதுக்காக மட்டும் எடுத்த பொருளைக் கோர்ட்டு தள்ளீராது."

"அப்போ திருடன் கொண்டாந்தாலும் சாட்சிதானுங்களா சார்?" என்று நான் கேட்டேன்.

"நம்பலாமான்னு கொஞ்சம் ஒரசிப் பாப்பாங்க. குப்பையில போடமாட்டாங்க." கைபேசியை எங்கள் பக்கம் திருப்பினார். "உள்ள போறப்ப அவங்க கையில என்ன இருக்குது?"

"கடப்பாரைங்க," என்றார் அந்த அம்மா.

"வேற?"

அதுவரை நாங்கள் இருவரும் பூட்டை மட்டும்தான் பார்த்திருந்தோம். கடப்பாரை தவிர ஒன்றுமில்லாமல் உள்ளே போனவர்கள், ஆளுக்கொரு கேனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

"போலீஸ் வெச்சதுன்னு உங்க வீட்டுக்காரர் சொல்றதை உங்க கேமராவே பொய்யாக்குது," என்றார் வக்கீல் மெதுவாக. "இதை வேற யாராச்சும் பாத்தாங்களா?"

அந்த அம்மா முந்தானை நுனியை விரலில் சுற்றினார்.

"பால் சொசைட்டியிலங்க. காத்தால பால் ஊத்த வந்தவங்க அல்லாருக்கும் காட்டுனனுங்க. கேட்டவங்களுக்கு அனுப்பியும் உட்டனுங்க."

எங்கள் ஊரில் எந்தச் சேதியும் பால் வரிசையில் சொன்ன பிறகுதான் நடந்ததாக அர்த்தம். உலை வாயை மூடலாம் என்று வாய்வரை வந்த பழமொழியை விழுங்கிக்கொண்டேன்.

மேசைமேல் இருந்த அந்த அம்மாவின் கைபேசி அடித்தது. வக்கீல் எட்டிப் பார்த்தார். "ஸ்டேஷன் நம்பர். இப்ப எடுக்காதீங்கம்மா."

அவர் முந்தானையை இழுத்துத் தோளில் போட்டார். அதிகாரி எதிரில் நிற்பதுபோல எழுந்து நின்று கைபேசியைக் காதில் வைத்தார்.

"ஆமாங்க சார், அந்தக் கேமராப் படம் எங்கிட்டத்தானுங்க இருக்குது. கொண்டாந்து தரணுங்களா?"