குலவையில் கேட்ட ஏலம்

தென்காசி உலகம்மைக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். நீளம்தான், யார் இல்லை என்றது? அந்த வாய் இல்லாவிட்டால் அவள் வீட்டில் உலை கொதித்திருக்காது. கூடையில் சீயக்காய்ப் பொடியும் மஞ்சளும் எண்ணெயும் சுமந்து, சாரல் காலம் பிறந்துவிட்டால் குற்றாலத்துக்கு நடந்தே போவாள். பேரருவியில் பெண்கள் குளிக்கிற பக்கம் நின்று விற்பாள். புருஷன் சுடலையாண்டி மாவு மில்லில் வேலை பார்த்தான். தங்கமான மனுஷன். வீட்டுக்குள் ஓயாமல் பேசுவான். நாலு பேருக்கு முன்னால் நிறுத்தினால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

பெண்கள் பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு கடை. ஒவ்வொரு சீசனுக்கும் முன்னால் அதை ஏலம் விடுவார்கள். ஒவ்வொரு தடவையும் சங்கரபாண்டி அண்ணாச்சிதான் எடுப்பார். அண்ணாச்சி பெரிய மீசையோடு உள்ளே உட்கார்ந்திருந்தால், ஈரச்சேலையோடு வருகிற பெண்கள் அவரிடம் போய் மஞ்சள் கேட்பார்களா? கூசிக்கொண்டு உலகம்மையைத் தேடி வருவார்கள். அவளோ மழையில் நனைந்துகொண்டு வெட்டவெளியில் நிற்பாள். பொடி கட்டி தட்டிப்போகும். "அந்தக் கடை மட்டும் எனக்குக் கிடைக்கட்டும், எப்படி நடத்துதேன் பாரு" என்று அருவியைப் பார்த்துச் சபதம் போடுவாள். அருவிக்கென்ன, அது பாட்டுக்கு விழுந்துகொண்டிருக்கும்.

ஐம்பத்தேழாம் வருஷம் ஏலத்துக்குச் சுடலையாண்டியை அனுப்பினாள். வழியெல்லாம் "கேக்கேன் அய்யா, கேக்கேன் அய்யா" என்று சொல்லிப் பழகிக்கொண்டே போனான் பாவம். "வேறு யாரும் உண்டா?" என்றார்கள். வாயைத் திறந்தான். தும்மல் வந்தது. அது அடங்குவதற்குள் கடை அண்ணாச்சிக்குப் போய்விட்டது. உலகம்மை வீடு வரைக்கும் விழுந்து விழுந்து சிரித்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் அழுதாள்.

மறு வருஷம் ஏலம் விடுகிற அதிகாரியிடம் அவளே போய் நின்றாள். புதிதாக வந்திருந்த அருமைநாயகம் நாசரேத்துக்காரர், மிஷன் காம்பவுண்டில் வளர்ந்தவர், நியாயஸ்தர்.

"அய்யா, பொம்பளை ஏலம் கேக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கா?"

"சட்டம் ஒண்ணும் இல்லைம்மா. வழக்கம் இல்லை."

"அந்த வழக்கத்தை யாரு போட்டா? குளிக்கிறது பொம்பளை, வாங்குறது பொம்பளை. விக்கிறவ மட்டும் பொம்பளையா இருக்கக் கூடாதா? எனக்குச் சலுகை வேண்டாம். என் பேருல கேக்க விடுங்க."

அருமைநாயகத்துக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் நியாயமாகப் பட்டால் மட்டும் போதுமா? குத்தகைக்காரர்களைக் கூப்பிட்டுக் கலந்து பேசினார். அங்கேதான் வந்தது வினை.

"ஏலம்னா தொண்டை கிழியக் கூவணும். குடும்பப் பொம்பளை நாலு ஆம்பளைக்கு நடுவுல நின்னு கூவலாமா?" என்றார் சங்கரபாண்டி.

"கூவ வேண்டாம், கையைத் தூக்கட்டும்" என்றார் அதிகாரி.

"மாராப்பு விலகும்" என்றார் இன்னொருவர்.

"புருசனை நிப்பாட்டட்டும்" என்றார் மூன்றாமவர்.

"அவிய தும்முவாவ" என்றாள் உலகம்மை.

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். அவளுக்கு வந்ததே கோபம்! "கோயில் கொடைத் திருவிழாவுல நாங்க குலவை போட்டாத்தான உங்களுக்குச் சாமியே வருது? அப்ப மட்டும் பொம்பளை சத்தம் இனிக்கும், ஏலத்துல மட்டும் கசக்குமோ? சரி, குலவையே போடுதேன். அதுல எந்த மானம் போவுது, சொல்லுங்க பாப்போம்!"

கிண்டலுக்குத்தான் சொன்னாள். அருமைநாயகம் அதை மெய்யாகவே எடுத்துக்கொண்டார். "நல்ல யோசனை. ஒரு குலவைக்கு ஏலத் தொகையில் ஒரு படி ஏற்றம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். மங்கல ஒலியை வேண்டாம் என்று எந்த வாய் சொல்லும்? குத்தகைக்காரர்கள் எழுந்து போனார்கள்.

ஏலத்தன்று பார்த்து முதல் சாரல் விழுந்தது. அருவியில் தண்ணீர் வந்துவிட்டது என்று சுற்றுவட்டாரத்துப் பெண்களெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அருவிக்கு எதிரே மரத்தடியில் மேசை போட்டிருந்தது. உலகம்மைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்தில் துணைக்கு நூருன்னிசா நின்றாள். கூடையில் வளையல் விற்கிறவள், உலகம்மையின் கூட்டுக்காரி. பின்னால் சுடலையாண்டி, தும்மல் வராமலிருக்க மூக்கைப் பிடித்துக்கொண்டு.

சங்கரபாண்டி முதலில் விலை கேட்டார். உலகம்மை வாயருகே கையை வைத்து நாக்கைச் சுழற்றினாள். கணீரென்று எழுந்தது குலவை.

இங்கேதான் ஒருவரும் யோசிக்காத காரியம் நடந்தது. ஒருத்தி குலவை போட்டால் அதைக் கேட்ட மற்றவள் வாய் சும்மா இருக்குமா? நம் பக்கத்தில் அது பிறவிப் பழக்கமல்லவா! அருவியில் நின்றவர்கள், தலை துவட்டியவர்கள், பிள்ளைக்குச் சட்டை மாட்டியவர்கள் என்று அத்தனை பேரும் என்ன ஏது என்று கேட்காமல் சேர்ந்து போட்டார்கள். அருவிச் சத்தமே அமுங்கிப்போயிற்று.

"அய்யா, இது ஒரு படியா, நூறு படியா?" என்று அலறினார் படி எண்ணிக்கொண்டிருந்த பியூன்.

உலகம்மை அருவிப் பக்கம் திரும்பினாள். இவர்கள் போடுகிற போட்டில் கடை விலை மலையுச்சிக்கல்லவா போய்விடும்! "போதும், போதும்!" என்று இரண்டு கையையும் வீசினாள். இன்னும் போடச் சொல்லுகிறாள் போலிருக்கிறது என்று அவர்கள் மறுபடியும் எடுத்தார்கள்.

அப்போதுதான் சங்கரபாண்டியின் தோள் குலுங்கியது. சொல்ல மறந்துவிட்டேனே, அண்ணாச்சி அவர்கள் ஊர்ச் சுடலைமாடன் கோயிலில் சாமியாடி. குலவை கேட்டு வராத சாமி எங்கே உண்டு? துண்டு ஒரு பக்கம் பறந்தது, செருப்பு ஒரு பக்கம் பறந்தது. "ஏய்ய்ய்!" என்று ஒரு சத்தம். மேசை கவிழ்ந்தது. அருமைநாயகம் நாற்காலிமேல் ஏறி நின்று "கர்த்தாவே!" என்றார். கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது.

சாமி நேரே உலகம்மையிடம் வந்து நின்றது. "என்ன தாயி வேணும் உனக்கு?"

"கடைதான் சாமி" என்றாள், வேறென்ன சொல்லுவாள்?

"எடுத்துக்கோ! கடை உனக்குத்தான்!" என்று மண்ணை அள்ளி அவள் நெற்றியில் பூசிவிட்டு மலையேறிவிட்டது சாமி. அண்ணாச்சி பொத்தென்று உட்கார்ந்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமி, பூசாரி, எதிராளி மூன்று பேரும் ஒரே உடம்பு!

கூட்டம் ஆர்ப்பரித்தது. சாமி வாக்கை யார் தட்டுவார்கள்? உலகம்மைக்குச் சந்தோஷத்தில் தலை சுற்றியது. ஆசைப்பட்ட கடை மடியில் வந்து விழுந்துவிட்டது. வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான் பாக்கி. நூருன்னிசாவைக் கட்டிப்பிடிக்கத் திரும்பினாள். நூருன்னிசாவும் சிரித்துக்கொண்டுதான் நின்றாள். ஆனால் அவள் கை, இடுப்பிலிருந்த வளையல் கூடையை இறுக்கிப் பிடித்திருந்தது. அடுத்த வருஷம் வளையலுக்கு ரோட்டுப் பக்கம் ஒரு கடை கேட்கவேண்டும் என்று இரண்டு பேரும் பேசி வைத்திருந்தார்கள்.

உலகம்மைக்குச் சுருக்கென்றது. மண் பூசிய நெற்றியோடு அதிகாரியிடம் போனாள்.

"அய்யா, சாமி குடுத்ததைத் தலைமேல வச்சுக்கிடுதேன். ஆனா அடுத்த வருசம் இவ கேக்க வருவா. இவளுக்கு யாரு வந்து ஆடுவா? சாமி வந்தாத்தான் பொம்பளைக்குக் கடைன்னா, சாமி வராத அன்னைக்கு எங்க கதி என்ன? வாயால கேக்கலாம்னு சட்டமாப் போடுங்க. அண்ணாச்சி தெளியட்டும். மறுபடி ஏலம் விடுங்க."

"ஏட்டி, கிறுக்கு புடிச்சிருக்கா ஒனக்கு? கைக்கு வந்ததை விடுதியே!" என்று கத்தினான் சுடலையாண்டி. அத்தனை பேருக்கு முன்னால், ஒரு தும்மல் இல்லாமல்! கத்தி முடித்த பிறகுதான் அவனுக்கே அது உறைத்தது.

அண்ணாச்சி சோடா குடித்துத் தெளிந்தார். "நான் என்னலே சொன்னேன்?" என்று கேட்டார். சொன்னார்கள். பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது முகம். எழுந்து அதிகாரி முன்னால் கைகூப்பி நின்றார்.

"அய்யா, பொம்பளைங்க வாயாலயே கேக்கட்டும். கூவட்டும், கத்தட்டும். குலவை மட்டும் வேண்டாம்யா!"

மற்றவர்களும் "ஆமாய்யா, ஆமாய்யா" என்று கெஞ்சினார்கள். மானம், மாராப்பு எல்லாம் போன இடம் தெரியவில்லை. "பெண்கள் தங்கள் பெயரில், தங்கள் வாயால் கேட்கலாம்" என்று அருமைநாயகம் அங்கேயே உத்தரவு போட்டார்.

மறுபடி ஏலம் தொடங்கியது. சங்கரபாண்டி கேட்டார். உலகம்மை வாய் திறந்தாள். ஊரே நீளம் என்று சொன்ன அந்த வாய், முதல் தடவை காற்றுத்தான் விட்டது. மறுபடி திறந்தாள்.

"தென்காசி உலகம்மை கேக்கேன் அய்யா!"

அருவிக்கு அந்தப் பக்கம் வரை கேட்டது அந்தக் குரல். அண்ணாச்சி மேலே கேட்க வாயெடுத்தார். ஈரத்தலைகள் அத்தனையும் ஒன்றாகத் திரும்பி அவரைப் பார்த்தன. ஒருத்தி சும்மா உதட்டைத் தடவிக்கொள்ளத்தான் கையை வாயருகே கொண்டுபோனாள். அண்ணாச்சி வாயை மூடிக்கொண்டார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!

அடுத்த வருஷம் ரோட்டுப் பக்கத்துக் கடை ஏலத்தில் நூருன்னிசா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு "நூருன்னிசா கேக்கேன் அய்யா" என்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை. கூவலாமா என்று கேட்கவுமில்லை. சங்கரபாண்டி அண்ணாச்சியும் வந்திருந்தார், இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு.