கடைசி வள்ளம் பாட வேண்டும்

சாத்தான்குளத்தில் பஸ் மாறி, தேரிக்காட்டைத் தாண்டி, கடல் கரைக்குள் வளைந்து வந்திருக்கும் இந்தச் சிறிய மீனவ ஊருக்கு வந்திருக்கிறேன். வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டுக்கு இங்கே வருஷந்தோறும் திருவிழா. மாதா சிலை இருக்கும் கெபிக்கு முன்னால் மேடை, மைக், சீரியல் லைட் எல்லாம் தயார். பொழுது சாய்கிறது, இன்னும் யாரும் பாடக் காணோம். கடைசி பஸ்ஸை நினைத்து எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் கடலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"எப்பம்மா ஆரம்பிப்பாங்க?"

"கடைசியா கரையேறுத வள்ளந்தான் மொதப் பாட்டு பாடணும் அண்ணாச்சி. அது இன்னும் வரல."

"யாரோட வள்ளம்?"

"எங்க வீட்டுக்காரரு வள்ளம். விடியும்போதே வந்திருக்கணும். எங்க அண்ணன் அவுக வள்ளத்துல தேடிப் போயிருக்காவ."

அதற்குப் பிறகு நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

மேடைக்குப் பின்னால் யாரோ ஜெனரேட்டரை நிறுத்துகிறார்கள். அது ஓடினால் கடலில் வரும் எஞ்சின் சத்தம் கேட்காதாம். விளக்குகள் அணைகின்றன. பாட்டுக் கேட்க வந்த அத்தனை பேரும் வாயைத் திறக்காமல் அலைச்சத்தத்துக்குக் காது கொடுத்து உட்கார்ந்திருக்கிறோம். ஒரு குழந்தை சிணுங்க, அதன் அம்மா அவசரமாக எழுந்து தூரப் போகிறாள்.

தொலைவில் எஞ்சின் சத்தம். வெளியூரிலிருந்து வந்த நாங்கள் எழுந்து கைதட்டுகிறோம். ஊர்க்காரர்கள் ஒருவரும் தட்டவில்லை. அந்தப் பெண்ணும் எழுந்திருக்கவில்லை.

"தட்டாதிய அண்ணாச்சி," என்கிறாள். "இது எங்க அண்ணன் வள்ளத்துச் சத்தம். ஒத்தையில வருது."